ஒலியைப் பிடிச்சா எழுத்து தானா வரும்
(தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கான உரையின் எழுத்து வடிவம்)



உங்க வீட்டுல ஒண்ணாம் வகுப்போ ரெண்டாம் வகுப்போ படிக்கிற பிள்ளை இருக்கா? இன்னைக்குச் சாயங்காலம் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்க. மடமடன்னு வாசிச்சா சந்தோஷம். உடனே அதே பக்கத்தில் நடுவில் இருக்கிற ஒரு சொல்லை மட்டும் விரலால் தொட்டு, "இது என்ன மக்களே?"ன்னு கேளுங்க. பிள்ளை மறுபடியும் முதல் வரியிலிருந்து சொல்லிக்கிட்டே வந்து அந்தச் சொல்லைப் பிடிச்சா, அது வாசிப்பு இல்லை, மனப்பாடம்.

இதில் பிள்ளையைத் திட்ட ஒன்றுமில்லை. காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொள்கிற கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு இன்னும் பிடிபடவில்லை. இதை ஒண்ணாம் வகுப்பில் கவனித்தால் சில வார வேலை. கவனிக்காமல் விட்டால், மேல் வகுப்பில் கணக்குப் பாடத்தின் கேள்வியைக்கூட அந்தப் பிள்ளையால் வாசிக்க முடியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குத்தான். மாநிலம் 80.09 சதவீதம், நாம 91.75 சதவீதம். பெருமைதான். ஆனால் அந்தக் கணக்கு ஏழு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. இன்று ஒண்ணாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அந்தப் பெருமையைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

பெயரா, ஒலியா?

ஆங்கிலத்தில் 'சீ, ஏ, டீ' என்று எழுத்தின் பெயரைச் சொன்னால் 'கேட்' என்ற சொல் வராது. ஒவ்வொரு எழுத்தின் ஒலியையும் சொல்லிச் சேர்த்தால்தான் வரும். இதைத்தான் ஒலிப்பு முறை, அதாவது ஃபோனிக்ஸ் என்கிறார்கள்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. ப, ட, ம் என்று சேர்த்தாலே 'படம்' வந்துவிடும். ஆனாலும் 247 எழுத்தையும் 247 படங்களாக மனப்பாடம் செய்ய வைத்தால் பிள்ளை களைத்துப்போகும். உயிர் 12, மெய் 18 ஒலிகளைப் பிடித்து, துணைக்கால் வந்தால் 'ஆ' ஒலி என்பது புரிந்துவிட்டால், 'கா' கற்ற பிள்ளை 'மா', 'பா', 'வா' மூன்றையும் தானே வாசித்துவிடும்.

எங்கே தடுக்குது?

முதல் இடம், கொம்பு. 'கொடி'யில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. போதாததற்குத் துணைக்கால் வேறு 'ர' மாதிரி தெரியும். பிள்ளை 'கெ' என்று சொல்லி நின்றுவிடும். மூன்று துண்டையும் ஒரே விரல் வட்டத்துக்குள் காட்டி, "இது மொத்தமும் ஒரே எழுத்து" என்று சொல்லிக்கொடுங்க.

இரண்டாவது, குறிலும் நெடிலும். கல், கால், படம், பாடம். மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்கிறது தொல்காப்பியம். குறிலுக்கு ஒரு நொடி, நெடிலுக்கு இரண்டு நொடி. 'க'வுக்கு ஒரு தடவையும் 'கா'வுக்கு இரண்டு தடவையும் விரலைச் சொடுக்கச் சொல்லுங்க. அதுவே பிள்ளைக்கு விளையாட்டு. அந்த நூலைக் கேட்டு ஏற்றுக்கொண்டவர் அதங்கோட்டு ஆசான். அந்த அதங்கோடு நம்ம மாவட்டத்து ஊர்தான் என்று சொல்வார்கள்.

மூன்றாவது, ல, ள, ழ. செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து பிள்ளை கையில் கொடுங்க. 'ம' சொல்லும்போது உதடு மூடுவதைப் பார்க்கட்டும். 'ல' சொன்னால் நாக்கு நுனி முன்பல்லுக்குப் பின்னால் தொடுவதும், 'ள' சொன்னால் நாக்கு மடங்குவதும் தெரியும். ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியத்தில் 'பிறப்பியல்' என்று ஒரு இயலே இருக்கிறது.

நான்காவது, நம்ம ஊர்ப் பேச்சு. பலாப்பழப் படத்தைப் போட்டு, பக்கத்தில் 'ப' என்று எழுதியிருக்கும். நம்ம பிள்ளை படத்தைப் பார்த்ததும் "சக்கை" என்று சொல்லும். மரவள்ளிக்கிழங்கைக் காட்டினால் "மரச்சீனி". பிள்ளை சொன்னது சரி. "தப்பு"ன்னு சொன்னால் அடுத்த தடவை வாயே திறக்காது. "ஆமா, நாம சக்கைன்னு சொல்றோம், அதுக்கு 'ச'. புத்தகத்துல பலான்னு எழுதியிருக்கு, அதுக்கு 'ப'." இப்படிச் சொன்னால் ஒரே பழத்தில் ரெண்டு எழுத்து கிடைத்துவிடும். 'எல' என்று பேசி 'இலை' என்று வாசிக்கப் பழகுவதும் இதே வழியில்தான்.

பள்ளியில் என்ன நடக்குது?

2025-க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்ற இலக்கோடு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வரை, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரே வகுப்பில் இருந்தாலும் அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சி.

"எம் பிள்ளை எந்த நிலை?" என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்க. அது ரேங்க் இல்லை. எந்த இடத்தில் உதவி வேண்டும் என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீங்க.

வீட்டுல பத்து நிமிஷம்

• ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஒலி. 'ம' என்றால் மட்டிப்பழம், மரச்சீனி, மழை. வீட்டில் இருப்பதையே சொல்லச் சொல்லுங்க.
• தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களைச் சேர்ந்து பாடுங்க. ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் காதுக்குப் பழகும். காது பழகினால் கண்ணுக்கு வேலை சுலபம்.
• பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடைத் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடக் காணொலி கிடைக்கும். பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடாமல் கூடவே உட்காருங்க.
• உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை வாசிக்கட்டும், நீங்க கேளுங்க. "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பதும் ஒரு பாடம்தான்.

பல நாள் முயன்றும் எழுத்து நிற்கவில்லை என்றால், பார்வையையும் கேட்கும் திறனையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்க. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்குப் பேச உரிமை உண்டு. வாசிப்பைப் பற்றியும் அங்கே பேசுங்க. சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐ அழைக்கலாம்.

அடுத்த தடவை வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போனைப் பைக்குள் வைத்துவிட்டு, வருகிற பஸ்ஸின் போர்டைக் காட்டுங்க. தக்கலை, குளச்சல், தோவாளை. எந்தப் பாடத்திலும் மனப்பாடம் செய்யாத சொற்கள். பிள்ளை எழுத்தைக் கூட்டிக் கூட்டி ஊர்ப்பெயரைச் சொல்லட்டும். நீங்க முந்திக்கிட்டுச் சொல்லாதீங்க. கொஞ்சம் காத்திருங்க.