தொட்டால் திரும்பும் உலகம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், இந்த மேசைமேல் கிடத்தியிருக்கும் கண்ணாடிப் பலகையும் அதற்குள் சுழலும் பூமி உருண்டையுமேயாகும். இதைப்பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறதென்று சிலர் கேட்கலாம். நாம் கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. படித்ததெல்லாம் பழைய புத்தகக் கடையிலும் இப்போது கைப்பேசியிலுமேயாகும். ஆனால், விரலால் தொட்டு அறியக்கூடிய ஒரு சங்கதிக்கு விரலும் கொஞ்சம் யோசனையும் இருந்தால் போதாதா?

முதலில் உருண்டையின் கதையைப் பார்ப்போம். கிறிஸ்து பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு மேல் முன்னமேயே எரட்டோஸ்தனிஸ் என்பவர் எகிப்து தேசத்தில் நிழலின் கோணத்தைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். 1492ல் மார்ட்டின் பெஹைம் என்பவர் ஜெர்மனியில் நூரம்பர்க் நகரில் செய்வித்த உருண்டை இன்றைக்கும் இருக்கிறது. அதில் அமெரிக்காவே கிடையாது. ஏனெனில் கொலம்பஸ் அப்போது திரும்பி வந்திருக்கவில்லை. சங்கதி தெரிந்தபின் மேனாட்டார் அடுத்த உருண்டைகளில் திருத்திக்கொண்டார்கள். நம் புராணிகர்களோ உப்பு, கரும்புச்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என்று ஏழு சமுத்திரம் சொன்னார்கள். கப்பலோட்டியவன் எவனும் பாற்கடலைப் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகும் ஓர் எழுத்தைத் திருத்தினார்களா? இந்த உருண்டையை எப்பக்கம் திருப்பினாலும் கடலெல்லாம் உப்பாகவே இருக்கிறது. (கள் சமுத்திரம் என்று ஒன்று இருந்திருந்தால் நம்மவர்கள் என்றைக்கோ கண்டுபிடித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.)

1802ல் லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரர் பரங்கிமலையருகே சங்கிலி போட்டு நிலத்தை அளக்கத் தொடங்கினார். அந்த அளவை வேலை அவர் காலத்திற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நடந்தது. இன்று வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் படம் பிடித்து அனுப்புகின்றன. நம் நாடும் 1988 முதல் அப்படிப்பட்ட கோள்களை அனுப்பி வருகிறது. கீஹோல் என்ற அமெரிக்கக் கம்பெனி 2001ல் இப்படங்களை ஒட்டி ஓர் உருண்டையாகக் கணினியில் காட்டியது. அக்கம்பெனியைக் கூகுள் 2004ல் வாங்கி, 2005ல் கூகுள் எர்த் என்று வெளியிட்டது. நம் இஸ்ரோவின் 'புவன்' 2009ல் வந்தது. பூமி முழுவதும் இந்தப் பலகைக்குள் அடைந்து கிடப்பதாக எண்ணிவிடாதீர்கள். படம் சிறு சிறு சதுரங்களாக வெட்டப்பட்டு வேறெங்கோ இருக்கிறது. நாம் பார்க்கும் இடத்திற்கு வேண்டிய சதுரங்கள் மாத்திரம் அவ்வப்போது வந்து சேருகின்றன.

இனி, தொடும் சங்கதிக்கு வருவோம். பல விரல்களை ஒரே சமயத்தில் அறியும் கருவிக்கான ஆராய்ச்சி 1982லேயே கனடாவில் டொரண்டோ சர்வகலாசாலையில் நடந்தது. அது பாமர மக்கள் கைக்கு வந்தது 2007ல் ஐபோன் வந்த பிறகேயாகும். கண்ணாடிக்கடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாய் ஓடுகின்றன. மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியதாகையால், விரல் பட்ட இடத்தில் மின்னூட்டம் மாறுகிறது. எந்தெந்த இடத்தில் மாறிற்று என்று ஒரு சில்லு இடைவிடாமல் கணக்கெடுக்கிறது. இரண்டு விரலை அகட்டினால் ஊர் கிட்டே வருகிறது. திருகினால் திசை திரும்புகிறது. சேர்த்து மேலே தள்ளினால் மலை எழுந்து நிற்கிறது.

தோழர்களே, இந்தக் கண்ணாடி கேட்பதெல்லாம் விரல் மின்சாரத்தைக் கடத்துகிறதா என்பது ஒன்றுதான். அது ஊருக்குள்ளிருந்து வந்ததா, ஊருக்கு வெளியேயிருந்து வந்ததா என்று கேட்பதில்லை. தீட்டுக்குப் பயந்து விரலில் துணி சுற்றிக்கொண்டு தொடுகிறவருக்குத்தான் அது அசையாது! டீக்கடையில் தனிக் குவளை வைத்த சங்கதி நம் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட நாட்டில் நாலு தெருப் பிள்ளைகள் ஒரே கண்ணாடியில் ஒரே நேரத்தில் விரல் வைப்பதென்பது சாதாரண விஷயமா?

ஆனால் நடப்பதென்ன? நமக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இம்மாதிரிப் பலகை ஒன்று வந்தது. ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பிறகு உறை போட்டுப் பூட்டினார்கள். பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடுமாம்! தொடுவதற்கென்றே செய்த பொருளைத் தொடாதே என்று சொல்ல நம் நாட்டாரைத் தவிர வேறு யாருக்குத் தைரியம் வரும்?

அப்பிள்ளைகள் தொட்டிருந்தால் என்னென்ன கேட்டிருப்பார்கள்! வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்குப் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துக்குள் புகுந்து வருவதாலேயே உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன என்பதை ஒரு பெண் குழந்தை படத்தைச் சாய்த்த மாத்திரத்தில் சொல்லிவிடாதா? வெள்ளியங்கிரியிலிருந்து நொய்யலை விரலால் பின்தொடர்ந்து போனால் கோவை, திருப்பூர், அப்புறம் ஒரத்துப்பாளையம் அணை. 1992ல் பாசனத்திற்கென்று கட்டிய அணை சாயக்கழிவால் பாசனத்திற்கு உதவாமற் போயிற்று. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லவேண்டியதாயிற்று. ஆறு கெட்டது யார் செய்த பாவத்தால் என்று ஜோசியரிடம் போகவேண்டுமா, மேலே என்ன இருக்கிறதென்று விரலை நகர்த்திப் பார்க்கவேண்டுமா?

ஜோசியர் திங்கட்கிழமை கிழக்கே சூலம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மேற்கே என்கிறார். கோவையில் திங்கள் காலை 8 மணியாகும்போது நியூயார்க்கில் ஞாயிறு இரவு. அப்படியானால் ஒரே நிமிஷத்தில் சூலம் எந்தப் பக்கம் நிற்கும்? அன்றியும், உருண்டையில் மேற்கே போய்க்கொண்டேயிருப்பவன் கிழக்கேயிருந்தல்லவா வீடு வந்து சேருவான்?

அதற்காக இந்த உருண்டையையும் ஒரு வேதமாக்கிக்கொள்ளவேண்டாம். வெவ்வேறு நாளில் எடுத்த படங்களை மேகமில்லாமல் பொறுக்கி ஒட்டியதே இது. படத்தில் நிரம்பியிருக்கும் குளம் இன்றைக்கு வறண்டிருக்கலாம். படம் எடுத்த தேதியைப் பாருங்கள். எல்லைக் கோட்டையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கூகுள் கம்பெனி தன் வரைபடத்தில் காஷ்மீரின் எல்லையை இங்கே ஒருவிதமாகவும் வெளிநாட்டில் வேறுவிதமாகவும் காட்டுகிறது.

பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம். பலகை இங்கேயே இருக்கும். ஐந்தைந்து பேராக வாருங்கள். பின்வரிசைப் பிள்ளைகள் முதலில் வரட்டும். கை ஈரமாயிருந்தால் துடைத்துக்கொள்ளுங்கள், ஈரம் பட்டால் கண்ணாடி விரலை எண்ணத் தடுமாறும்.