வகாலத்தும் அதன் எல்லையும்



 

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், வக்ஃப் திருத்தச் சட்டம் 2025-இல் நிறைவேறி விட்டது. இனி நமக்கு அதில் என்ன வேலை இருக்கிறது?" அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்ததும் மசோதா சட்டமாகிறது. பத்திரிகைகளில் நாம் படிப்பது இவ்வளவுதான். ஆனால் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு பிரிவு இருக்கும். இச்சட்டத்தை நிறைவேற்ற அரசு விதிகள் இயற்றலாம் என்பதே அது. எந்தப் படிவம், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், என்ன ஆதாரம் என்பவற்றை எல்லாம் அவ்விதிகளே முடிவு செய்கின்றன. அவை அதிகாரிகளால் எழுதப்பட்டு அரசிதழில் வெளியாகின்றன. சாமானியனின் வாசலுக்கு வந்து நிற்பது பெரும்பாலும் இந்த விதிதான்.

இப்படி ஒப்படைப்பது தவறா? தவறன்று, ஆனால் அதற்கு எல்லை உண்டு. நிகாஹ் மஜ்லிஸில் நீங்களே பார்த்திருப்பீர்கள். பெண்ணின் தந்தை வெளிநாட்டில் இருந்தால் தனக்குப் பதிலாக ஒருவரை வக்கீலாக நியமிக்கிறார். இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு என்று குறிப்பிட்டுச் சொன்ன பின், அந்த வக்கீல் வேறொரு மாப்பிள்ளைக்கு மணமுடித்து வைக்க முடியுமா? மஹரைத் தன் விருப்பம்போல் குறைக்க முடியுமா? தந்தையின் அனுமதியின்றி அவர் இன்னொரு வக்கீலை நியமிப்பதும் பொதுவாகக் கூடாது. தன்னால் தனித்துச் செய்ய இயலாத வேலையாக இருந்தால் அதற்கு இடமுண்டு என்பது ஷாஃபிஈ ஃபிக்ஹின் விளக்கம். (நீதிமன்றத்தில் வாதாடுபவரை வக்கீல் என்று நாம் அழைப்பதும் இதே அரபுச் சொல்லைக் கொண்டுதான்.)

நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினரும் நமக்கு வக்கீலே. கொள்கையை வகுக்கும் அடிப்படைப் பணியைச் சட்டமன்றம் பிறரிடம் விட்டுவிட முடியாது, விவரங்களை நிரப்பும் பணியை மட்டுமே ஒப்படைக்கலாம் என்ற கோட்பாடு, 1951-இல் டெல்லிச் சட்டங்கள் பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த கருத்திலிருந்து வேரூன்றியது.

அந்த எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும்? ரூஹ் அஃப்ஸா சர்பத்தின் ஹம்தர்து தவாகானாவை நீங்கள் அறிவீர்கள். மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து அந்நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. இத்தகைய விளம்பரமும் பேச்சுரிமையே என்ற அதன் வாதம் எடுபடவில்லை. ஆயினும் அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவில் சில நோய்களைச் சொல்லிவிட்டு, விதிகளில் குறிப்பிடப்படும் வேறு எந்த நோய்க்கும் தடை பொருந்தும் என்று எழுதப்பட்டிருந்தது. எந்த அளவுகோலைக் கொண்டு ஒரு நோயைச் சேர்ப்பது என்று நாடாளுமன்றம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கரையில்லாத அதிகாரம் இது என்று கண்ட நீதிமன்றம், 1959 டிசம்பரில் அவ்வாசகத்தைச் செல்லாததாக்கியது. 1963-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நோய்களின் பட்டியலைத் தானே இணைத்தது. புதிதாக ஒரு நோயைச் சேர்க்க வேண்டுமானால் மருந்துகளுக்கான தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவைக் கலந்தாக வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. முழுச் சட்டத்தையும் வீழ்த்த முடியாத ஒரு வழக்கு, ஒரு வாசகத்திற்குக் கரை கட்டிவிட்டது!

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். வக்ஃப் செய்பவர் குறைந்தது ஐந்தாண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றி வந்தவராக இருக்க வேண்டும் என்கிறது 2025-ஆம் ஆண்டுத் திருத்தம். அதை எப்படித் தீர்மானிப்பது என்று மாநில அரசுகள் விதி வகுக்கும் வரை அந்நிபந்தனையை நிறுத்தி வைப்பதாக 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஜமாஅத்தின் சான்று போதுமா, அல்லது அரசு அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பாரா? இஸ்லாத்தைத் தழுவிய ஒரு சகோதரரின் ஐந்தாண்டுகள் எந்த நாளிலிருந்து எண்ணப்படும்? இவற்றுக்கான விடையைச் சொல்லும் பொறுப்பு விதி எழுதுபவரிடம் விடப்பட்டது. வேலை முடிந்து விட்டதா, சொல்லுங்கள்!

வக்ஃப் சட்டத்தின் கீழ் மாநில அரசு இயற்றும் விதிகள் மாநிலச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். மத்திய அரசின் விதிகள் பொதுவாக நாடாளுமன்றத்தில் மொத்தம் 30 நாட்கள் வைக்கப்படும். ஈரவைகளும் ஒத்துக்கொண்டால் அவற்றை மாற்றலாம், நீக்கவும் செய்யலாம். இதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் ஒரு குழுவும் உண்டு. அந்தத் தாள்களை எத்தனை உறுப்பினர்கள் புரட்டிப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்! சில சட்டங்கள் வரைவு விதியை முன்கூட்டியே வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்றுப் பரிசீலிக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகின்றன. ஆனால் விதி அமலுக்கு வந்த பிறகே நாம் கையெழுத்து வாங்கக் கிளம்புகிறோம்.

இவ்வளவையும் கேட்ட பெரியவர், "எம்.எல்.ஏ. ஒரு கல்யாணத்துக்கு வருகிறாராம், அங்கே அவரிடம் சொல்லி விடுகிறேன்" என்றார். கல்யாண வீட்டில் வேண்டாம், ஜமாஅத்தின் முத்திரையுடன் எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புதலும் வாங்கி வாருங்கள் என்றேன்.