எண் இல்லையேல் முன்பதிவு இல்லை
குறுகிய கால வீட்டு வாடகையும் உள்ளாட்சியின் அதிகாரமும்

யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடைபெறுகிறதோ, அந்தப் பேராசிரியர் நகராட்சி நிர்வாகத்தை வரி ரசீதையும் வார்டு அலுவலகப் பதிவேட்டையும் வைத்துப் பாடம் நடத்தியவர். இனி பொருளுக்கு வருகிறேன்.

1. வழக்கு என்ன?

குடியிருக்கும் வீட்டை நாள் கணக்கில் விருந்தினருக்கு விடுவதை உள்ளாட்சி எப்படிக் கட்டுப்படுத்துவது? இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி தெரியும். இதில் எனக்கும் என் சகாக்களுக்கும் உள்ள கருத்து வேறுபாடும் தெரியும். கருத்தரங்குகளில் பாதியில் நின்றுபோன அந்த வாதத்தை இன்று முழுதாக வைக்கிறேன்.

எதிர்த்தரப்பில் இரண்டு கட்சிகள். ஆண்டுக்கு இத்தனை இரவு என்று வரம்பு வைத்தால் போதும் என்பது ஒன்று. ஆய்வாளர்களைக் கூட்டி, அபராதத்தை ஏற்றினால் போதும் என்பது மற்றொன்று. இரண்டுமே பிடி கிடைக்காத இடத்தில் பிடிக்கப் பார்க்கின்றன. மூடிய கதவுக்குப் பின்னால் யார் எத்தனை இரவு தங்கினார் என்பதை எந்த நகராட்சியும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் பணம் வாங்கப்படும் இடம் தெரிந்த இடம்: முன்பதிவுத் தளம். பதிவு எண் இல்லாத வீட்டுக்கு அங்கே பணம் வாங்கக் கூடாது என்று முதலில் சட்டம் சொல்லட்டும். இரவு வரம்பும் அபராதமும் அதன் பிறகு வரட்டும். இதுவே என் கட்சி.

2. நியூயார்க் கற்ற பாடம்

நியூயார்க்கை நான் திரும்பத் திரும்பச் சொல்வதாகச் சகாக்கள் குறைப்படுவதுண்டு. அந்த நகரம் அவர்களுடைய இரண்டு வழிகளையும் நடந்து பார்த்துவிட்டுத்தான் மூன்றாவது வழிக்கு வந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

அங்கே விதி இல்லாமல் இல்லை. 2010இல் மாநிலச் சட்டமன்றம் பல்குடியிருப்புச் சட்டத்தைத் திருத்தியது. மூன்றோ அதற்கு மேலோ குடும்பங்கள் வசிக்கும் கட்டடத்தில், குடியிருப்பவர் உடன் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடுவது சட்டவிரோதம் ஆயிற்று. விதி வந்தபின் நடந்தது என்ன? மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மன் 2014 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். 2010 முதல் 2014 நடுப்பகுதி வரை ஏர்பிஎன்பி என்ற முன்பதிவுத் தளத்தில் நடந்த முன்பதிவுகளை அது ஆராய்ந்தது. வாடகைக்கு விடப்பட்ட இடங்களில் 72 விழுக்காடு சட்டத்தை மீறியவையாகத் தெரிந்தன. பல வீடுகளை வைத்துத் தொழிலாகவே நடத்தியோர், விடுபவர்களில் 6 விழுக்காடுதான். வருவாயில் அவர்கள் எடுத்த பங்கு 37 விழுக்காடு. காலியாகக் கிடக்கும் அறையை விட்டு வீட்டுக் கடனை அடைக்கும் குடும்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. வருவாயில் பெரும் துண்டு வேறு கைகளுக்குப் போனது என்பதையும் மறுக்க முடியாது.

அந்தத் தகவல் கிடைத்த விதத்தையும் பாருங்கள். அட்டர்னி ஜெனரல் அனுப்பிய முதல் அழைப்பாணை மிக விரிவானது என்று நீதிமன்றம் 2014 மே மாதம் தள்ளுபடி செய்தது. பிறகு பேச்சுவார்த்தை நடத்தி, பெயர்களை மறைத்துத்தான் தரவு கைக்கு வந்தது. தன் சட்டம் மீறப்படுகிறதா என்பதை அறியவே அரசு தளத்திடம் போய் நிற்க வேண்டியிருந்தது.

அடுத்து அபராத வழி. 2016இல், சட்டவிரோத வாடகையை விளம்பரம் செய்தால் 7,500 டாலர் வரை அபராதம் என்று சட்டம் வந்தது. ஏர்பிஎன்பி உடனே நீதிமன்றம் போயிற்று. அதன் கையில் இருந்த வலுவான ஆயுதம் 1996ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 230ஆம் பிரிவு. பிறர் எழுதிப் போட்டதற்கு இணையத் தளம் பொறுப்பாகாது என்பது அதன் சாரம். அபராதம் வீட்டை விடுபவர்மீது மட்டுமே, தளத்தின்மீது இல்லை என்ற உடன்பாட்டில் வழக்கு முடிந்தது. 2018இல் நகரம் மாதந்தோறும் முழுத் தரவும் கேட்டது. காரணம் காட்டாமல் மொத்த ஆவணத்தையும் கேட்பது அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு முரணாகலாம் என்று கூறி, கூட்டாட்சி நீதிபதி பால் எங்கல்மேயர் 2019 ஜனவரியில் அதற்குத் தடை விதித்தார்.

வழி திறந்தது அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில். சான் பிரான்சிஸ்கோ 2016இல் தன் விதியைத் திருத்தி, விளம்பரத்தை விட்டுவிட்டு முன்பதிவைப் பிடித்தது: பதிவு பெறாத வீட்டுக்குக் கட்டணம் வாங்கி முன்பதிவு செய்துதருவது குற்றம். நீதிபதி ஜேம்ஸ் டொனேட்டோ அதைத் தடுக்க மறுத்தார். சான்டா மோனிகாவின் இதே போன்ற விதியை 2019 மார்ச்சில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. வீட்டைப் பற்றி ஒருவர் தளத்தில் எழுதுவது பேச்சு. அந்த வீட்டுக்குத் தளம் கட்டணம் வாங்குவது வணிகம். 230ஆம் பிரிவு முன்னதைக் காக்கும், பின்னதைக் காக்காது.

நியூயார்க்கின் உள்ளூர்ச் சட்டம் 18 இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தது. 2022 ஜனவரியில் சட்டமாகி, 2023 செப்டம்பர் 5 முதல் அமலுக்கு வந்தது. குறுகிய காலத்துக்கு வீட்டை விடுபவர் அங்கேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும். விருந்தினர் வரும்போது தாமும் உடன் இருக்க வேண்டும். இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது. விருந்தினருக்கும் வீட்டாருக்கும் நடுவே உள்ள கதவைப் பூட்டக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழியை வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். ஆனால் சட்டத்தின் உயிர் இவற்றில் இல்லை. கட்டணம் வாங்குவதற்கு முன் தளம் பதிவு எண்ணை நகரத்தின் மின்னணு முறையில் சரிபார்த்தாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 1,500 டாலர் வரை, அல்லது வாங்கிய கட்டணத்தின் மும்மடங்கு வரை அபராதம். ஏர்பிஎன்பி தொடுத்த வழக்கை 2023 ஆகஸ்டில் நீதிபதி ஆர்லீன் ப்ளூத் தள்ளுபடி செய்தார். 13 ஆண்டுகள் ஆய்வாளர்களால் ஆகாதது சில வாரங்களில் ஆயிற்று. 30 நாளுக்குக் குறைவான விளம்பரங்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. அவற்றில் பல, 30 நாளுக்கு மேற்பட்ட வாடகையாக மாறின.

"வாடகை குறையவில்லையே?" என்று சகாக்கள் கேட்கிறார்கள். அங்கே மொத்தம் சுமார் 37 லட்சம் வீடுகள். 2023 கணக்கெடுப்பில், வாடகை வீடுகளில் காலியாக இருந்தவை 1.4 விழுக்காடுதான். அந்தப் பற்றாக்குறையைத் தீர்ப்பது வீடு கட்டும் கொள்கையின் வேலை. சட்டம் 18ஐ அளக்க வேண்டியது, தடை செய்யப்பட்டது நின்றதா என்ற அளவுகோலால். குயின்ஸிலும் புரூக்ளினிலும் ஒன்றிரண்டு குடும்ப வீடு வைத்திருப்போர் விதியைத் தளர்த்தக் கேட்கிறார்கள். தளர்த்தலாம். யாருக்கு, எவ்வளவு என்று பிரித்துத் தளர்த்தவும் பதிவேடு வேண்டும்.

3. பிற நகரங்கள்

இரவு வரம்புக் கட்சிக்கு லண்டன் பதில் சொல்லும். 2015இல் அங்கே 90 இரவு வரம்பு வந்தது, பதிவேடு இல்லாமலே. ஒரு தளம் தானாக எண்ணி நிறுத்தினாலும், அதே வீட்டை அடுத்த தளத்தில் போட்டுவிடலாம். பார்சிலோனாவில் உரிமம் இருக்கிறது. அதனால்தான் 2028 நவம்பருக்குள் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் முடித்துக்கொள்வதாக மேயர் ஜாவ்மே கொல்போனி 2024இல் எண்ணிச் சொல்ல முடிந்தது. அந்த முடிவு சரியா என்பது வேறு விவாதம். ஐரோப்பிய ஒன்றியமும் 2024/1028 ஒழுங்குமுறையில் பதிவு எண்ணையும் தரவுப் பகிர்வையுமே அடிப்படையாக வைத்தது.

4. இனிச் செய்ய வேண்டியவை

இதே வாதத்தை நம் ஊர்களில் சோதிக்க ஆராய வேண்டியவை பல. நேரம் நெருங்கிவிட்டது, குறிப்புகளாகவே சொல்கிறேன். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோருக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் இருக்கிறது. அந்தப் பதிவுகளைத் தங்குமிட உரிமங்களோடு ஒப்பிட்டு யாராவது ஆராய வேண்டும். வெளிநாட்டு விருந்தினருக்காகத் தங்குமிடங்கள் நிரப்பும் படிவம் ஏற்கெனவே ஒரு பதிவேடு. உள்ளாட்சி அதிலிருந்து என்ன கற்கலாம்? வீட்டு மின் இணைப்பிலேயே நாள் வாடகை நடத்துவோரை மின் கட்டணப் பட்டியலிலிருந்து அறிய முடியுமா? மலை ஊர்களில் தளத்தைத் தொடாமல், புரோக்கரின் கைபேசியிலும் யுபிஐயிலும் முடிந்துவிடும் முன்பதிவு என் வாதத்துக்குக் கடினமான சோதனை. அதற்குக் களஆய்வு வேண்டும். தூய்மைப் பணியாளர் ஊதியம், தண்ணீர் லாரிச் செலவு, இவையும் எழுதப்படாத தலைப்புகள்.

இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளும் மாணவருக்கு நான் சேர்த்துவைத்த தீர்ப்பு நகல்களைத் தருகிறேன்.