மொட்டை மாடியில் நிற்கும் 27 நிமிடம்

(தீயணைப்பு வாரத்தை ஒட்டி நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனுக்கும் தீயணைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். கணக்குதான் சம்பந்தம். அடுத்த மாதப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. மொட்டை மாடித் தீயணைப்புத் தொட்டியில் இருக்கும் தண்ணீரைக் கோடையில் வீட்டு உபயோகத்துக்குத் திறந்துவிடலாமா என்பதுதான் அது. கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். மே மாதம் வந்தால் போர் தண்ணீர் காற்றோடு வருகிறது, லாரிக்குப் போன் போட்டுக் காத்துக் கிடக்கிறோம், மேலே 25,000 லிட்டர் சும்மா நிற்கிறது. அந்தத் தண்ணீர் எதற்காக நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கை தூக்குங்கள் என்று கேட்கத்தான் செயலாளரிடம் இந்த நேரத்தை வாங்கினேன்.

ஏப்ரல் 14 என்றால் நமக்குச் சித்திரை முதல் நாள், அம்பேத்கர் பிறந்த நாள். நாடு முழுவதும் தீயணைப்பு வாரம் தொடங்குவதும் அன்றுதான். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் தீப்பிடித்தது. உள்ளே பஞ்சுப் பொதி, வெடிமருந்து, தங்கக் கட்டி எல்லாம் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். 900 டன்னுக்கு மேல் தண்ணீர் அடித்தும் தீ அடங்கவில்லை, கப்பல் வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம். தங்கக் கட்டிகள் ஊருக்குள் பறந்து விழுந்த கதையைப் பலரும் சுவையாகச் சொல்வார்கள். வங்கிக்காரனான எனக்கே அந்த 66 பேர்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

ஹைட்ரண்ட் என்ற சொல்லுக்கு வருவோம். பழைய லண்டனில் தெருவுக்கு அடியில் மரக்குழாயில் தண்ணீர் ஓடியது. தீப்பிடித்தால் மண்ணைத் தோண்டி, குழாயில் துளை போட்டுத் தண்ணீர் எடுப்பார்கள். முடிந்ததும் துளையில் ஒரு மரக்கட்டையை அடித்து அடைப்பார்கள். அடுத்த முறை அந்தக் கட்டையைப் பிடுங்கினால் போதும். அந்தக் கட்டைதான் வளர்ந்து இன்றைய சிவப்பு இரும்புக் குழாய் ஆனது. வெளிநாட்டுப் படங்களில் தெருமுனையில் நிற்குமே, அதுதான்.

நம் ஊர்த் தெருவில் அப்படி எதுவும் கிடையாது. திருவரங்குளத்தில் தீ என்றால் புதுக்கோட்டையிலிருந்தோ ஆலங்குடியிலிருந்தோ வண்டி வர வேண்டும். அந்தக் காலத்தில் கூரை வீடு பற்றினால் கிணற்றுக்கும் குளத்துக்கும் ஓடி, குடம் கைமாற்றி அணைத்தார்கள். இன்றும் தீயணைப்பு வண்டிக்காரர்கள் குளத்தில் உறிஞ்சு குழாயை இறக்கித் தண்ணீர் எடுப்பார்கள். ஆனால் அந்தப் பம்பு ஏழு எட்டு மீட்டர் ஆழத்துக்குக் கீழே இருந்து உறிஞ்சாது. காற்றழுத்தத்தின் எல்லை அது, எவ்வளவு பெரிய இயந்திரம் வைத்தாலும் மாறாது. ஆகவே நம் ஆழ்துளைக் கிணறு அவர்களுக்கு உதவாது. கோடையில் குளமும் உதவாது.

இப்போது கணக்கு. ஒரு சாதாரண தீயணைப்பு வண்டி சுமார் 4,500 லிட்டர் கொண்டு வரும். நிமிடத்துக்கு 900 லிட்டர் அடித்தால் ஐந்தே நிமிடம். அதற்குப் பிறகு அடுத்த வண்டி வர வேண்டும், அல்லது எங்காவது போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். இது சின்ன ஊருக்கு மட்டும் உள்ள சங்கடம் என்று நினைக்காதீர்கள். 2017 மே 31 அதிகாலையில் சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் அந்த ஏழு மாடித் துணிக்கடை பற்றியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு நாளுக்கு மேல் எரிந்தது, கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, மீதியைப் பிறகு இடித்தார்கள். தலைநகரத்தின் நடுவில், அங்கேயும் மெட்ரோ வாட்டர் லாரிகளில்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது.

வண்டி வரும்வரை என்ன செய்வது என்பதற்குப் பதில்தான் நம் மொட்டை மாடித் தொட்டி. தேசியக் கட்டிட விதித் தொகுப்பு, 2016-ம் ஆண்டுப் பதிப்பு, 15 மீட்டருக்கு மேல் 35 மீட்டர் வரை உயரமுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாடியில் 25,000 லிட்டர் தொட்டியும், நிமிடத்துக்கு 900 லிட்டர் தள்ளும் பம்பும் சொல்கிறது. கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே ஐந்து தளம் என்று நம் கட்டிடம் அந்த வரம்புக்குள் வருகிறது. 25,000-ஐ 900-ஆல் வகுத்துப் பாருங்கள். 27 நிமிடமும் சொச்சமும். புதுக்கோட்டையிலிருந்து வண்டி கிளம்பி, வழியில் ரயில்வே கேட்டோ திருவிழாக் கூட்டமோ குறுக்கிடாமல் வந்து சேர்ந்து, குழாயை விரிக்க ஆகும் நேரத்தை இந்த 27 நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொட்டியிலிருந்து மாடிப்படி ஓரமாக ஒரு சிவப்புக் குழாய் இறங்குகிறதே, அதில் தளத்துக்குத் தளம் ஒரு பித்தளை வால்வு இருக்கிறது. 63 மில்லிமீட்டர் வாய், அதுதான் நம் ஹைட்ரண்ட். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் மடித்து வைத்த கேன்வாஸ் ஹோஸ் அதற்குத்தான். தயவுசெய்து அதை நீங்கள் தனியாகத் திறக்க வேண்டாம். முழு அழுத்தத்தில் ஹோஸ் பின்னால் உதைக்கும், பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேராவது பிடிக்க வேண்டும். நமக்கென்று இருப்பது அதன் பக்கத்தில் உருளையில் சுற்றியிருக்கும் ரப்பர் ஹோஸ். ஒரு ஆளே, ஒரு பெண்மணியே, இழுத்துக்கொண்டு போய் அடிக்கலாம். எண்ணெய்ச் சட்டி பற்றினால் மட்டும் தண்ணீர் கூடாது, மூடி போட்டு அடுப்பை அணையுங்கள். மின்சாரம் ஓடும் இடத்திலும் மெயினை நிறுத்தாமல் தண்ணீர் கூடாது.

தண்ணீர் மேலே இருந்தால் தானாக இறங்காதா, பம்பு எதற்கு என்று சென்ற கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் என்று கணக்கு. கீழ்த்தளத்தில் அது ஓரளவு கிடைக்கும். ஐந்தாவது மாடியில் இருப்பவருக்குத் தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, வால்வைத் திறந்தால் வீட்டுக் குழாய் மாதிரிதான் வரும். அதனால்தான் மேலே பம்பு. அந்தப் பம்புக்குத் தனி மின் இணைப்பு வேண்டும். தீ என்றதும் முதலில் யாராவது மெயின் சுவிட்சைப் போய் அணைப்பார்கள், அணைக்கவும் வேண்டும். அதோடு பம்பும் நின்றுபோனால் பயன் என்ன? நம் எலக்ட்ரீசியனிடம் இதைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன், பொதுக்குழுவுக்கு முன் பதில் வரும்.

இனி தீர்மானம். நம்மிடம் 32 வீடு. வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று பொறியாளர்கள் வைக்கும் அளவில் கணக்கிட்டால், ஒரு நாளைக்கு 17,280 லிட்டர். 25,000 லிட்டரைத் திறந்துவிட்டால் நமக்குக் கிடைப்பது ஒன்றரை நாள் கூட இல்லை. இரண்டாம் நாள் மறுபடி லாரிக்குத்தான் போன் போடப் போகிறோம். ஒன்றரை நாள் குளியலுக்காக, அந்தக் கோடை முழுவதும் இந்த 27 நிமிடத்தை இழந்து நிற்போம். கேஸ் சிலிண்டர், ஏசி, வண்டி நிறுத்துமிடத்தில் இரவெல்லாம் சார்ஜ் ஏறும் மின்சார ஸ்கூட்டர் எல்லாம் அதிகம் சூடாகும் மாதங்களும் அவைதான். லித்தியம் பேட்டரி பற்றினால் அதைக் குளிர்விக்கவே நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

வெறும் குழாய் இருந்து தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 2025 ஜனவரி 7-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பாலிசேட்ஸ் மலைப்பகுதி பற்றியது. தெருவுக்குத் தெரு ஹைட்ரண்ட் உள்ள ஊர். மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் தரும் தொட்டிகள் மூன்று, ஒவ்வொன்றும் பத்து லட்சம் காலன். மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குள் மூன்றும் காலி, உயரமான தெருக்களில் ஹைட்ரண்ட்கள் வறண்டு நின்றன. பக்கத்தில் இருந்த பெரிய நீர்த்தேக்கமோ மூடுறை கிழிந்து, பழுது பார்ப்பதற்காக முன்பே காலி செய்யப்பட்டிருந்தது. அது நிறைந்திருந்தாலும் அவ்வளவு பெரிய தீயை அணைத்திருக்க முடியாது என்பவர்கள் உண்டு. இருக்கலாம். நம் கட்டிடத்தில் வரக்கூடிய தீ அந்த அளவு பெரியது இல்லை. ஒரு சமையலறையில், ஒரு ஸ்கூட்டரில் தொடங்குவது. அதை முதல் பத்து நிமிடத்தில் பிடிக்கத் தண்ணீர் இருந்தால் போதும்.

வங்கிகள் தங்கள் வைப்புத் தொகையில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் கட்டாயமாக வைக்க வேண்டும். அதைக் கடன் கொடுக்க முடியாது, வட்டியும் வராது. கிளையில் கடனுக்கு வரிசை நிற்கும்போது அந்தப் பணம் சும்மா கிடப்பதாகத்தான் தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றிய நாள் உண்டு.

தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கிறதே என்ற குறைக்கு வழி இருக்கிறது. போர் தண்ணீர் முதலில் தீயணைப்புத் தொட்டியில் விழட்டும், அது நிரம்பி வழிவது வீட்டுத் தொட்டிக்குப் போகட்டும். தண்ணீர் புதிதாக மாறிக்கொண்டே இருக்கும், அளவும் குறையாது. இரண்டு வருடத்துக்கு முன் கோடையில் இரண்டு தொட்டிக்கும் நடுவே அடித்த இணைப்புக் குழாயை எடுத்துவிடுவோம். எடுக்க முடியாவிட்டால் வால்வுக்கு இரட்டைப் பூட்டு போடலாம், வங்கி லாக்கர் அறை மாதிரி. ஒரு சாவி தலைவரிடம், ஒன்று பொருளாளரிடம். கோடைத் தட்டுப்பாட்டுக்குச் சம்ப்பைப் பெரிதாக்குவதும், மாடி மழைநீரை அதில் இறக்குவதும்தான் சரியான செலவு. அதற்கான மதிப்பீட்டை நானே எழுதித் தருகிறேன்.

இன்னும் ஒன்று. கேட்டுக்குப் பக்கத்தில், காகிதப் பூச்செடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு இரட்டை வாய்க் குழாய் இருக்கிறது. பலர் அதைக் கழிவுநீர்க் குழாய் என்று நினைத்திருக்கிறீர்கள். தீயணைப்பு வண்டி வந்ததும் தன் தண்ணீரை அதன் வழியாகத்தான் நம் குழாய்க்குள் ஏற்றும். அதை மறைத்து நிற்கும் கார் யாருடையது என்று பெயர் சொல்லப் போவதில்லை, அவருக்கே தெரியும். செடியையும் சற்று வெட்டிவிட வேண்டும். ஹோஸ் பெட்டியில் நாசில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தளத்திலும் பாருங்கள். பித்தளை என்பதால் அது பழைய இரும்புக் கடைக்கு நடந்து போய்விடும். மூன்றாவது தளத்தில் இப்போதே காணோம்.

எண்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான், 101 அல்லது 112. மாடியில், எந்தப் பக்கம், உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று சொல்லுங்கள். கோயிலிலிருந்து நம் கேட்டுக்கு வரும் வழியை வாட்ச்மேனுக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லக் கற்றுக்கொடுப்போம்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பம்பை ஓட்டிப் பார்க்கிறோம். முதலில் ஐந்தாவது மாடி ரப்பர் ஹோஸ், பிறகு ஒவ்வொரு தளமாக. மாடிக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், ஒருமுறை பிடித்துப் பார்க்கட்டும். தெற்குப் பக்கம் வண்டி நிறுத்தியிருப்பவர்கள் மட்டும் சனிக்கிழமை இரவே சற்றுத் தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள். நனையும்.