யாருக்கு என்ன தெரியவேண்டும்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் ஐந்தே நிமிடம்தான் தந்திருக்கிறார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நாமெல்லாம் டெல்டாக்காரர்கள். பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்ப்போம். அணை நிரம்பினால் 120 அடி. இந்த ஓர் எண் எல்லோருக்கும் போதுமா? கல்லணைப் பொறியாளருக்குக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எதில் எத்தனை கன அடி விடுவது என்று தெரியவேண்டும். கடைமடை விவசாயி கேட்பது வேறு: "நம்ம வாய்க்காலுக்கு என்னிக்குத் தண்ணி வரும்? நாத்து விடலாமா?"

கல்லூரி மதிப்பீடும் அப்படித்தான். 1994-இல் பெங்களூரில் 'நாக்' என்னும் தேசியத் தரமதிப்பீட்டுக் கவுன்சில் தொடங்கப்பட்டது. கல்லூரி தன்னைப்பற்றித் தானே அறிக்கை எழுதுவது, வெளியிலிருந்து குழு வந்து பார்ப்பது, தரம் அறிவிப்பது என்று ஒரு முறை வந்தது. நல்ல முறைதான். ஆனால் தரம் வாசலில் பலகையாகிறது. அறிக்கை பீரோவுக்குள் போய்விடுகிறது.

ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், அப்படி அறிக்கை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். இருநூறு பக்கம், எல்லாம் ஆங்கிலம். அந்த வருஷம் அட்மிஷன் சமயத்தில் ஓர் அம்மா மகளோடு வந்தார். "சார், இந்தப் படிப்புல சேர்ந்தவங்க எத்தனை பேர் முழுசா முடிச்சாங்க? முடிச்சவங்க இப்ப என்ன பண்றாங்க?" என்றார். அறிக்கை என் மேஜைமேலேயே இருந்தது. பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்று அதில் இருந்தது. நடுவில் நின்றுபோனவர்கள் கணக்கு இல்லை. நான் மழுப்பினேன். அவர் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் வேறெங்காவது படித்ததா, தெரியாது. இன்றும் மனசு உறுத்துகிறது.

அன்று கற்றது இதுதான்: எழுதுமுன், 'இதைப் படித்து யார், என்ன முடிவு எடுக்கப்போகிறார்?' என்று கேட்கவேண்டும். அரசுக்கும் யு.ஜி.சி.க்கும் பணம் முறையாகச் செலவானதா என்று தெரியவேண்டும். ஆசிரியருக்கு எந்தத் தாளில் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள், ஏன் என்று தெரியவேண்டும். பெற்றோருக்குச் செலவு, உதவித்தொகை, வேலை. நமக்கு, எங்கே கை கொடுக்கலாம் என்பது.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், ஆங்கிலத்தில் தேறாமல் அதை இழந்தார். உதவித்தொகை கணக்குப் பார்க்கிறவருக்குத் 'தேறவில்லை' என்ற ஒரு சொல் போதும். அந்தப் பையனுக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பவருக்கு அது போதுமா?

ஒரு யோசனை. துறைக்கு ஒரு பக்கம், தமிழில்: சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, நின்றவர் ஏன் நின்றார், முடித்தவர் எங்கே. அட்மிஷனுக்கு முன் வாசலில் ஒட்டிவிடலாம். அச்சுச் செலவு நம் சங்கத்துடையது. அந்தந்த வருஷத்துத் தோழர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் நம் வேலை. 2017-இலிருந்து நாக் மதிப்பீட்டில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பும் சேர்ந்தது. தம்பி, தங்கைகளே, படிவம் வந்தால் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று டிக் அடித்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளதை எழுதுங்கள்.

அணை நிரம்பியது சந்தோஷம். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்ப்போம்.