இலவசத் தொலைநகலும் திருப்பிவிடும் அழைப்பும்

அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் ஈமக்கிரியைத் தொழில் நடத்திவந்தார். தம்மை நாடிவரும் தொலைபேசி அழைப்புகளை, நிலையத்தில் இணைப்புக் கொடுப்போர் போட்டியாளர் ஒருவருக்குத் திருப்பிவிடுகின்றனர் என்று அவர் ஐயுற்றார் என்பர். மனிதர் கை படாமலே இணைப்புக் கொடுக்கும் பொறியொன்றுக்கு அவர் 1891ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அன்று குற்றமெனப் பட்ட அத்திருப்புதலே பின்னாளில் சந்தாதாரர் தாமே விரும்பிப் பெறும் வசதியாயிற்று. வட அமெரிக்கத் தொலைபேசியில் நட்சத்திரக் குறியும் 72உம் அழுத்தி வேறோர் எண்ணைக் கொடுத்தால், அதன்பின் வரும் அழைப்புகள் யாவும் அவ்வெண்ணுக்கே செல்லும். நட்சத்திரக் குறியுடன் 73ஐ அழுத்தினாற் பழைய நிலை மீளும்.

இவ்வசதியைத் தொலைநகலோடு பிணைத்தவர்களின் உபாயம் கவனிக்கத்தக்கது. தொலைநகல் தொலைபேசிக்கு மூத்தது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் 1843இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். கிரகம் பெல்லின் தொலைபேசி வந்ததோ 1876இல். எனினும் 1980இல் சர்வதேசப் பொதுவிதி ஏற்பட்ட பின்னரே அப்பொறி அலுவலகந்தோறும் புகுந்தது. தாளிலுள்ள கருமையும் வெண்மையும் ஒலிகளாக மாறிக் கம்பிவழியே செல்கின்றன. மறுமுனையில் நொடிக்கு 2100 அதிர்வுடைய சீழ்க்கையொலி எழுந்தால், அனுப்பும் பொறி தன் துணையைக் கண்டுகொண்டதாகக் கொள்கிறது. அச்சீழ்க்கையை எழுப்பியது பக்கத்துத் தெருவிலுள்ள பொறியா, ஆயிரம் மைலுக்கப்பாலுள்ள கணினியா என்பதை அது அறியாது. இவ்வறியாமையே உபாயத்தின் அடிப்படை.

1990களின் இறுதியில் அமெரிக்க நிறுவனங்கள் சில, தொலைநகல் பெறுவதற்கென இலவசமாகத் தொலைபேசி எண் வழங்கின. அவ்வெண்ணுக்கு வரும் பக்கங்களை நிறுவனத்தின் கணினி ஏற்றுப் படமாக்கி மின்னஞ்சலில் அனுப்பிவிடும். பொறி வேண்டாம், காகிதச்சுருள் வேண்டாம். ஆனால் எண்ணோ எங்கோ ஒரு தூர மாநிலத்துக்குரியது. பொஸ்தன் நகரத்து வழக்கறிஞர் ஒருவருக்குக் கலிபோர்னியா எண் கிடைத்தால், அடுத்த தெருவிலிருக்கும் கட்சிக்காரரும் தூர அழைப்புக் கட்டணம் செலுத்தியே பத்திரத்தை அனுப்பவேண்டும். எவர் உடன்படுவர்?

ஆதலின் வழக்கறிஞர் தமது உள்ளூர் எண்ணை அத்தூர எண்ணுக்குத் திருப்பிவிடுவார். கட்சிக்காரர் உள்ளூர் எண்ணையே சுழற்றுவார். தொலைபேசி நிலையம் அவ்வழைப்பை இரு கூறாக்கும்: கட்சிக்காரரிலிருந்து வழக்கறிஞர் எண்வரை ஒன்று, அங்கிருந்து கலிபோர்னியாவரை மற்றொன்று. முன்னதன் கட்டணம் அழைத்தவருடையது. பின்னதன் கட்டணம் திருப்பிவிட்டவருடையது. இலவசம் என்ற சொல்லை இவ்விடத்திலேதான் சற்று நிதானித்துக் கேட்கவேண்டும். தூர அழைப்புகளும் மாதக் கட்டணத்துள் அடங்கிய இணைப்பாயின் மேலதிகச் செலவில்லை. அல்லாவிடில் பக்கமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என மாத இறுதியிற் கணக்கு வந்து நிற்கும். அப்பொழுதும் நாளுக்கு இரண்டொரு பக்கம் பெறுபவருக்கு அது பொறி வாங்குவதிலும் மலிவே.

பணத்தினும் பெரிய கேள்வி வேறு. இரத்தப் பரிசோதனை முடிவும் காணி உறுதியும் முன்பின் அறியாத நிறுவனமொன்றின் கணினியில் தங்கியே செல்கின்றன. இலவச எண்ணுக்கு உரிமையாளர் நிறுவனமேயன்றிப் பயன்படுத்துபவர் அல்லர். நிறுவனம் அவ்வெண்ணைப் பறித்து வேறொருவருக்குக் கொடுக்குமாயின், உள்ளூர் எண்ணிலிட்ட கட்டளை அதை உணராது. ஒருவரின் நோய்க்குறிப்பை முற்றிலும் அந்நியரான மற்றொருவருக்குச் சேர்ப்பித்துக்கொண்டே இருக்கும். அனுப்பிய பொறியோ, சீழ்க்கை கேட்டது, பக்கம் சேர்ந்தது என்று அச்சடித்துக் கொடுக்கும். விவரமறிந்தோர் மாதமொருமுறை தம் எண்ணுக்குத் தாமே ஒரு பக்கம் அனுப்பிப் பார்ப்பர்.

வீட்டில் ஒரே இணைப்பு உடையவர் இரவில் மட்டும் அழைப்பைத் திருப்பிவைப்பதுண்டு. காலையில் 73ஐ அழுத்த மறந்தாரோ, நலம் விசாரிக்க அழைத்த தாயாரின் காதிற் சீழ்க்கையே ஒலிக்கும். வீட்டுத் தொலைபேசி ஒருமுறை சிணுங்கி அடங்கும். ஓடிச்சென்று எடுத்தாலும் அவ்வழைப்பு அங்கிராது.