பெடோங் கள்ளுக்கடையும் லண்டன் மேசையும்

பட்டம் பெறும் மாணவ மாணவிகளே,

கெடாவில் தமிழர் யார் மைக்கைப் பிடித்தாலும் அதன் பழைய பெயரான கடாரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். 1025இல் ராஜேந்திர சோழன் படை அனுப்பிய கதை. நான் அதை விட்டுவிடுகிறேன். என் தாத்தா அந்தக் கப்பலில் வரவில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவர, நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர் அவர்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். சம்பள நாளன்று ஆபீசிலிருந்து தொழிலாளர் லயத்துக்கு வரும் வழியில் கள்ளுக்கடை இருக்கும். தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் ஏற்பாட்டில் நடந்த கடை. தகரக் கூரை, புளித்த வாடை, நுரை வழியும் குவளை. அப்பா உள்ளே போவார். அம்மா தூங்குமூஞ்சி மரத்தடியில் பலசரக்குக் கடையின் பற்றுப் புத்தகத்தைச் சுருட்டிப் பிடித்தபடி நிற்பார். ஒருநாள் அம்மா ஏதோ முறையிட்டதற்குத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: “யாரும் புடிச்சி வாயில ஊத்தலயே, தாயி!”

பின்னாளில் கல்லூரியில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் படித்தபோது திடுக்கிட்டேன். கிராணியின் வாதம் அங்கே நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. ‘சுதந்திரம் குறித்து’ என்று 1859இல் அவர் வெளியிட்ட நூல் சொல்வது இதுதான்: பிறருக்குத் தீங்கு வந்தால்தான் ஒருவனைச் சட்டம் தடுக்கலாம், அவனுடைய நன்மைக்காக என்று சொல்லித் தடுக்கக் கூடாது. மதுவிலக்கை அந்த நூலிலேயே அவர் எதிர்க்கிறார்.

இந்தப் பெடோங் வட்டாரத்துத் தோட்டத் தமிழர்கள் மில்லைப் படித்ததில்லை. ஆனால் அவருக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். ஜப்பான்காரன் போன பிறகு, 1946, 47இல், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் கள்ளை எதிர்த்துத் தொண்டர் படை திரண்டது. கள்ளுக்கடைகளின் முன்னால் மறியல் நடந்தது. 1947 பிப்ரவரிக் கடைசியில் பெடோங்கில் மறியல்காரர்கள் போலீசோடு மோத வேண்டி வந்தது. அடுத்த சில நாளில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டது. அந்த இளைஞர்கள் கேட்டது எளிய கேள்வி: வேலை கொடுப்பவனும் அவன், வீடு கொடுப்பவனும் அவன், கடையை வழியில் வைத்தவனும் அவன் என்றால், நான் குடிப்பது என் விருப்பமா?

ஒன்றை மறைக்கக் கூடாது. தொண்டர் படை குடிகாரர்களை மிரட்டியதும் உண்டு, தண்டித்ததும் உண்டு. அந்த இடத்தில் நான் மில் பக்கம்தான். அடித்துத் திருத்துவதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மில்லிடம் எனக்குள்ள வழக்கு வேறு. 1823 முதல் 1858 வரை, முப்பத்தைந்து வருடம், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேசையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர் அவர். தம் நூலின் தொடக்கத்திலேயே ஒரு வேலி போடுகிறார்: இந்தச் சுதந்திரம் சிறுபிள்ளைகளுக்கு இல்லை, பின்தங்கிய சமுதாயங்களுக்கும் இல்லை, அவர்களைத் திருத்தும் நோக்கம் இருந்தால் சர்வாதிகாரமே போதும். யாரைச் சொல்கிறார் என்று விளங்குகிறதா? உங்கள் பூட்டனை. அவருக்கு முந்தைய தத்துவ அறிஞர் ஜான் லாக்கும் அப்படித்தான். உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் சொந்தமாகும் என்று எழுதியவர், அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். காட்டை அழித்து ரப்பர் நட்டவர்களுக்கு ஒரு முழ நிலம்கூட எழுதி வைக்கப்படவில்லை என்பதை நினைத்துக்கொண்டு லாக்கைப் படித்துப் பாருங்கள்.

அதற்காக அந்தப் புத்தகங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதே மில்தான், தன்னையே அடிமையாக விற்கும் ஒப்பந்தம் செல்லாது என்றும் எழுதினார். ஆனால் மலாயாவில் சஞ்சிக்கூலி எனும் ஒப்பந்தக் கூலி முறை ஒழிய 1910 வரை ஆனது. வேலிக்கு வெளியே நின்றவர்கள்தான் அந்தத் தத்துவத்தை முழுசாக வாசித்தார்கள். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. கூடவே ஒன்று: வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். சம்பளத்தோடு சைக்கிளையும் சேர்த்து எழுதியவர்களுக்குச் சுதந்திரம் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதற்குக் கிடைத்த பதில் ராணுவம், துப்பாக்கிச் சூடு, தலைவர் ஆர். எச். நாதனின் நாடு கடத்தல்.

1971இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் தம் நூலில் ஒரு யோசனை சொன்னார். எந்த வயிற்றில், எந்த நிறத்தில் பிறப்போம் என்று தெரியாதவர்களாக உட்கார்ந்து சட்டம் எழுதுங்கள் என்றார். பெரிய நூல், படிக்கக் கொஞ்சம் மூச்சு வாங்கும். உங்களுக்கு அது சுலபம். துரை பங்களாவா லய வீடா என்ற வித்தியாசம் உங்கள் வீட்டுக் கதையிலேயே இருக்கிறது.

நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போகப் போகிறீர்கள். சிலர் கூலிம் தொழிற்பேட்டைக்கு, சிலர் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளுக்கு. நேற்றுவரை நிர்வாகத்தின் மேசையில் நமக்கு இடமில்லை. இனி நீங்கள் அங்கே உட்காருவீர்கள். எதிரே நேபாளத்துப் பையன் நிற்பான், வங்காளதேசத்துப் பையன் நிற்பான். அவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அவன் மொழியில் இருக்காது. அவனுடைய பாஸ்போர்ட் சில இடங்களில் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். கேட்டால், “அவனாத்தானே ஒத்துக்கிட்டு வந்தான்” என்று பக்கத்து மேசைக்காரர் சொல்வார். தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று நான் கேட்ட அதே பேச்சு.

மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி, உரிய அதிகாரம் இல்லாமல் இன்னொருவரின் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். பெட்டிச் சாவி என்றைக்காவது உங்கள் கைக்கு வரும். வந்த அன்றைக்கே அதைத் திறந்து, அவரவர் பாஸ்போர்ட்டை அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகளே.